பயிற்சியின் பலன் யாருக்கு?

(மும்பை தாராவியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பயிற்சி பெற்ற தொழிலாளியின் வேலைத்திறன் உயர்கிறது. பயிற்சி பெறாதவரைக் காட்டிலும் அவர் குறைந்த நேரத்தில், குறைந்த சேதாரத்தோடு, விபத்துக்கு இடம் கொடாமல் கூடுதலாக உற்பத்தி செய்கிறார். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. லேத்தின் முன் நிற்பவரும், தோலை வெட்டுபவரும், கொதிகலனைக் கண்காணிப்பவரும் இதைத் தம் அனுபவத்தில் அறிவார்கள். சர்ச்சை வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சியின் செலவை ஏற்பது யார்? கூடிய உற்பத்தியின் பலன் யார் கைக்குப் போகிறது? பயிற்சி முடிந்த மறுநாள் அந்தத் தொழிலாளி எங்கே நிற்கிறார்? இந்த மூன்று கேள்விகளையும் ஒதுக்கிவிட்டுப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது முதலாளியின் கணக்குப் புத்தகத்தை உரக்க வாசிப்பதாகவே முடியும்.

மேலாண்மைப் பாடநூல்கள் பயிற்சியின் பயனை அளக்க ஓர் அளவுகோலை வைத்திருக்கின்றன. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த அந்த அளவுகோலில் நான்கு படிகள் உண்டு. பயிற்சி பெற்றவர் அதை எப்படி ஏற்றார், எதைக் கற்றார், வேலையில் அவரது நடத்தை மாறியதா, நிறுவனத்திற்குக் கிடைத்த விளைவு என்ன என்பவை அந்த நான்கு படிகள். பிற்பாடு வந்தவர்கள் ஐந்தாவது படி ஒன்றைச் சேர்த்தார்கள். அது முதலீட்டின் மீதான வருவாய். பயிற்சிக்குச் செலவிட்ட ஒரு ரூபாய் எத்தனை ரூபாயாகத் திரும்பி வந்தது என்ற கணக்கு. தொழிலாளியின் கூலி உயர்ந்ததா, வேலை நிலைத்ததா, அவரது உயிரும் உடலும் காக்கப்பட்டனவா என்று கேட்கும் படி அந்த ஏணியில் இல்லை.

உழைப்புச் சக்தியின் மதிப்பில், அந்தத் தொழிலாளியை அந்த வேலைக்குத் தயார்படுத்த ஆகும் கல்வியின் செலவும் அடங்கும் என்பதை 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதல் தொகுதியிலேயே மார்க்ஸ் விளக்கினார். அந்தச் செலவைத் தன் தலையிலிருந்து இறக்கி வைக்கவே மூலதனம் எப்போதும் முயன்று வருகிறது. 1964இல் கேரி பெக்கர் எழுதிய மனித மூலதனம் பற்றிய நூல் இதற்கு ஒரு கோட்பாட்டையே வகுத்துக் கொடுத்தது. எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத்திறனைக் கற்பிக்க முதலாளி செலவு செய்யமாட்டார், கற்றவர் வேறிடம் போய்விடக்கூடும், ஆகவே பயிற்சிக் காலத்தில் குறைந்த கூலியைப் பெற்றுக்கொண்டு தொழிலாளியே அந்தச் செலவைச் சுமக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று நாட்டில் நடைமுறையில் உள்ள உதவித்தொகை ஏற்பாடுகள் அனைத்துக்கும் அடியில் இருப்பது இந்தத் தர்க்கமே. கற்ற தொழிலாளி ஏன் வேறிடம் போகிறார் என்ற கேள்வியை மட்டும் இந்தத் தர்க்கம் எழுப்புவதில்லை. நிரந்தர வேலையும் நியாயமான ஊதிய உயர்வும் இருக்கும் இடத்தை விட்டுத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக ஓடுவதில்லை.

மாட்டுங்காவில் எழுந்த கேள்வி

2018 மார்ச் 20 அன்று காலையில் மும்பை மாநகரம் ஸ்தம்பித்தது. மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அமர்ந்துவிட்டார்கள். காலை 7 மணியளவில் தொடங்கிய மறியல் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் நீடித்தது. மத்திய ரயில்வேயின் புறநகர் ரயில்கள் நின்றன. போலீஸ் தடியடி நடத்தியது. அங்கே அமர்ந்திருந்தவர்கள் யார்? ஐடிஐ முடித்து, ரயில்வேயின் பணிமனைகளிலேயே அப்ரண்டிஸ் எனப்படும் தொழிற்பழகுநர்களாகப் பயிற்சி பெற்றுத் தேர்ச்சிச் சான்றிதழும் வாங்கியவர்கள். வெல்டர்கள், ஃபிட்டர்கள், எலக்ட்ரீஷியன்கள்.

அவர்கள் கேட்டது புதிதல்ல. ரயில்வேயே பயிற்சி கொடுத்த தங்களை ரயில்வேயே வேலைக்கு எடுக்க வேண்டும், பொது மேலாளரின் அதிகாரத்தின்கீழ் நேரடியாகப் பணியமர்த்தும் பழைய வழக்கத்தை மீட்க வேண்டும், பயிற்சி பெற்றவர்களுக்கு 20 சதவீத இடம் மட்டுமே என்ற வரம்பை நீக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டில்தான் ரயில்வே ஏறத்தாழ 90,000 இடங்களுக்கு ஆளெடுப்பு அறிவித்திருந்தது. 2 கோடிக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் அதே எழுத்துத் தேர்வின் வரிசையில் நின்றார்கள். மறியலுக்குப் பிறகு அரசு அளித்த பதில், 20 சதவீத ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிறது என்பதும், அதற்கு விண்ணப்பிக்கும் காலக்கெடுவை மார்ச் 31 வரை நீட்டிக்கிறோம் என்பதும்தான்.

மாட்டுங்கா பணிமனை 1915ஆம் ஆண்டு முதல் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்து வருகிறது. ஒரு பெட்டியின் அடிச்சட்டத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, சக்கரத்தின் தேய்மானம் வரம்பைத் தாண்டியதா, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்பதைக் கண்டறியும் திறன் புத்தகத்திலிருந்து மட்டும் வருவதில்லை. அனுபவம் மிக்க தொழிலாளியின் பக்கத்தில் நின்று, கை பழகி, கண் பழகி, ஆண்டுக் கணக்கில் சேர்வது அது. அப்படிச் சேரத் தொடங்கிய திறனை ஓராண்டு முடிந்ததும் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த அணியை உள்ளே அழைப்பது எந்த வகையில் பயிற்சியாகும்? மத்திய ரயில்வே மட்டும் அண்மை ஆண்டுகளில் ஒவ்வோர் அறிவிக்கையிலும் 2,400க்கும் மேற்பட்ட தொழிற்பழகுநர் இடங்களுக்கு மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகையில் ஆளெடுக்கிறது. மறுபக்கம், 2023 ஜூலையில் ரயில்வேயில் சுமார் 2.5 லட்சம் பணியிடங்கள் காலியாக இருந்ததை அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வேலை இருக்கிறது, ஆளும் இருக்கிறார், அவருக்குப் பயிற்சியும் இருக்கிறது. இவை மூன்றையும் சேரவிடாமல் நடுவே நிற்பது கொள்கை.

ரயில்வேயில் திறமையான கைகளின் அருமையை நாடு பெருந்துயரத்தின் வழியாகவும் அறிந்தது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் சுற்றுப் பணியில் நேர்ந்த தவறான கம்பி இணைப்பையும், அதைத் தடுத்திருக்க வேண்டிய பல மட்டங்களிலான குறைபாடுகளையும் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது. ஒரு கம்பியைச் சரியான முனையில் இணைப்பதும், இணைத்ததைச் சரிபார்ப்பதும், சரிபார்க்க ஆளும் நேரமும் இருப்பதும் எத்தனை உயிர்களின் பிரச்சினை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சட்டம் யார் பக்கம் நகர்ந்தது?

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பெரிய தொழில்கள் தமக்குத் தேவையான திறனைத் தாமே உருவாக்க வேண்டும் என்ற கட்டாயத்தோடு வந்தது. ஆனால் அதன் 18ஆவது பிரிவு, பழகுநர் ஒரு பயிற்சியாளரே, தொழிலாளி அல்லர் என்று அன்றே கோடு கிழித்தது. பயிற்சி முடித்தவருக்கு வேலை தருவது முதலாளியின் கட்டாயமல்ல என்று 22ஆவது பிரிவு சொன்னது. 1995இல் உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், பிற தகுதிகள் சமமாக இருக்கும்போது பயிற்சி முடித்தவருக்கு நேரடி விண்ணப்பதாரரைவிட முன்னுரிமை தர வேண்டும் என்று கூறியது. தொழிலாளர்களுக்குக் கிடைத்த சிறு பிடிமானம் அது.

2014ஆம் ஆண்டுத் திருத்தம் காற்றை எதிர்த்திசையில் திருப்பியது. சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. பழகுநரைப் பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் ஈடுபடுத்தினால் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம், தண்டனை அவ்வளவே. வேலை நேரத்தை முதலாளியே தீர்மானிக்கலாம். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுக்கும் கொள்கையையும் முதலாளியே வகுத்துக்கொள்ளலாம். 2019ஆம் ஆண்டு விதிகள், நிறுவனத்தின் மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கையில் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள அனுமதித்தன. உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயிக்கப்பட்டது. 2016இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் அதிலும் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்றுக்கொள்கிறது. மலிவான உழைப்பை மக்கள் வரிப்பணத்தில் மேலும் மலிவாக்கித் தரும் ஏற்பாடு இது.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் தொழிலாளி என்ற சொல்லுக்குத் தந்த வரையறையில் பழகுநரும் அடங்குவார் என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. வழக்காடுவதற்கு அந்த ஒரு சொல் பயன்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொகுப்புச் சட்டங்களில் ஒன்றான தொழிலுறவுத் தொகுப்பு, பழகுநர் நீங்கலாக என்று அதே வரையறையைத் தலைகீழாக்கிவிட்டது. நிலையாணைகளுக்கான வரம்பும் 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்பவர், நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்பவர், சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியாகத் தெரிவதில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, சிந்தனையை மேலாளரிடமும் கையசைவைத் தொழிலாளியிடமும் பிரித்து வைக்கும் முறையை 1911இல் டெய்லர் கோட்பாடாக்கினார். இந்தப் பிரிவினை தொழிலாளியின் திறனை எப்படிப் பறிக்கிறது என்பதை 1974இல் ஹாரி பிரேவர்மன் விரிவாக எழுதினார். அசெம்பிளி லைனில் ஒரே போல்ட்டை முடுக்கும் வேலையைக் கற்க ஒரு வாரம் போதும். அந்த வேலைக்கு ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு என்று பயிற்சிக்காலம் வைப்பது எதற்காக? கற்பிக்க அல்ல, ஊதியத்தைக் குறைக்கவும், நிரந்தரத்தைத் தள்ளிப்போடவும், சங்கத்தில் சேரவிடாமல் தடுக்கவுமே. 2011இல் மானேசரில் மாருதி தொழிலாளர்கள் போராடியபோது, அதே ஆலையில் நிரந்தரத் தொழிலாளர், பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பழகுநர் என்று தொழிலாளர்கள் அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டிருந்ததை நாடு கண்டது.

இப்போது அரசுகளே இந்த வழியில் இறங்கிவிட்டன. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் உள்ளிருப்புப் பயிற்சித் திட்டம், 5 ஆண்டுகளில் 1 கோடி இளைஞர்களை 500 பெரு நிறுவனங்களுக்கு மாதம் 5,000 ரூபாயில் அனுப்புவதாகச் சொன்னது. அதில் 4,500 ரூபாய் அரசின் பணம். அதே ஆண்டில் மகாராஷ்டிர அரசு தொடங்கிய முதலமைச்சர் இளைஞர் பணிப் பயிற்சித் திட்டம், கல்வித் தகுதிக்கேற்ப 6,000, 8,000, 10,000 ரூபாய் என ஆறு மாதங்களுக்கு வழங்கியது. தேர்தலுக்குப் பின் அது 11 மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. அதன் பிறகு? அந்தக் கேள்விக்கு இரு அரசுகளிடமும் பதில் இல்லை.

செம்பூரில் பயிற்சி என்பது உயிர்

மாட்டுங்காவிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் செம்பூர், மாஹுல், டிராம்பே. ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலையும், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கும் இரசாயனப் பட்டை அது. அங்கே ஒரு வால்வைத் திறக்கும் வரிசை மாறினால், ஓர் அளவுமானியின் முள் காட்டுவதைப் புரிந்துகொள்ளத் தவறினால், அதன் விலை உற்பத்தி இழப்போடு நிற்காது. 2018 ஆகஸ்ட் 8 அன்று பாரத் பெட்ரோலியம் ஆலையில் நிகழ்ந்த வெடிப்பில் 40க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மும்பையின் வேறு பகுதிகளில் குடிசைகளை இடித்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களை அரசு கொண்டுவந்து குடியமர்த்தியதும் இதே மாஹுலில்தான். ஆலைக்குள் இருக்கும் ஆபரேட்டரின் பயிற்சி, வெளியே உறங்கும் அந்தக் குடும்பங்களின் உயிர்க்காப்பு.

பயிற்சியை வெறும் செலவாகப் பார்க்கும் நிர்வாகம் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் போபால் நிலையான சாட்சி. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவுக்கு முன்பே, யூனியன் கார்பைடு நிறுவனம் மீத்தைல் ஐசோசயனேட் பிரிவில் ஒரு ஷிஃப்டுக்கு 12 ஆபரேட்டர்கள் என்றிருந்ததை 6 ஆகக் குறைத்திருந்தது. பயிற்சிக் காலத்தையும் சுருக்கியிருந்தது. அனுபவம் மிக்கவர்கள் வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மாண்டார்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தபோது, ஆலையில் பல இடங்களில் வைக்கப்பட்டிருந்த அபாயச் சங்குகள் ஒலிக்கப்படவேயில்லை என்று மாநில அரசின் உயர்நிலைக் குழு கண்டறிந்தது. கருவி இருந்தது, ஆபத்து நேரத்தில் அதை இயக்கும் ஏற்பாடு இல்லை.

இங்கே ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. பயிற்சி மட்டும் போதாது. ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் துணிவும் வேண்டும். அந்தத் துணிவு வேலைப் பாதுகாப்பிலிருந்து பிறக்கிறது. நாளையே வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் உள்ள ஒப்பந்தத் தொழிலாளி, தான் கற்ற பாதுகாப்புப் பாடத்தை மேற்பார்வையாளரின் முகத்துக்கு எதிரே சொல்லமாட்டார். அந்த அச்சத்தில் அவர் கற்றது அவருக்குள்ளேயே அடங்கிப்போகும். ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற முறையை மேலாண்மை வகுப்புகள் புகழ்ந்து பாடம் நடத்துகின்றன. அந்த முறை நிரந்தர வேலை உள்ள தொழிலாளர்களிடையே வளர்ந்தது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

தாராவியின் கண்ணுக்குத் தெரியாத பள்ளி

தாராவிக்கு வருவோர் இங்கே குடிசையையும் சாக்கடையையும் பார்க்கிறார்கள். இங்குள்ள பள்ளியைப் பார்ப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே வந்த தோல் தொழிலாளர்களும், சௌராஷ்டிரத்துக் குயவர்களும், உத்தரப் பிரதேசத்தின் ஜரிகை வேலைக்காரர்களும், அதிகாலையில் மாவரைத்து மாநகரம் முழுக்க இட்லி கொண்டு செல்லும் தமிழ்க் குடும்பங்களும் எந்தப் பயிற்சி நிலையத்திலும் படித்தவர்கள் அல்லர். ஊரிலிருந்து வந்த சிறுவன் உறவினரின் பட்டறையிலேயே உண்டு உறங்கி, முதலில் பசை தடவி, பிறகு தையலுக்கு அமர்ந்து, கடைசியாகவே வெட்டும் கத்தியைத் தொடுகிறான். ஒரு தோலின் எந்தப் பகுதி பைக்கு, எது பெல்ட்டுக்கு, எங்கே வெட்டினால் வீணாகும் துண்டு குறையும் என்பதை உஸ்தாத்தின் கையைப் பார்த்தே கற்கிறான். கற்பிக்கும் தொழிலாளிக்கு அதற்கெனக் கூலி கிடையாது. கற்கும் காலத்தின் பட்டினியை ஊரிலுள்ள குடும்பம் சுமக்கிறது. இத்தனைக்கும் பிறகு உருவாகும் திறனைப் பீஸ் ரேட்டில் வாங்கிக்கொண்டு போகும் பெரிய கடைக்காரரும் ஏற்றுமதியாளரும் பயிற்சிக்கு ஒரு பைசாவும் செலவிடுவதில்லை.

2015இல் வெளியான தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை, இந்தியத் தொழிலாளர்களில் முறைசார்ந்த திறன் பயிற்சி பெற்றவர்கள் 4.69 சதவீதம் மட்டுமே என்றும், ஜெர்மனியில் அது 75, ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96 சதவீதம் என்றும் ஒப்பிட்டது. அந்தக் கணக்குப்படி, 20 ஆண்டுகளாகத் தோல் வெட்டும் தாராவித் தொழிலாளியும் பயிற்சி பெறாதவரே. இக்குறையைப் போக்க, ஏற்கெனவே தெரிந்த வேலைக்குச் சில மணி நேர வகுப்பு நடத்திச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறை கொண்டுவரப்பட்டது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் பீஸ் ரேட் தானாக உயர்ந்துவிடாது. உயர்த்தும் கடமை எந்த முதலாளிக்கும் விதிக்கப்படவில்லை. 2022க்குள் 40 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று 2015 ஜூலை 15 அன்று முழங்கித் தொடங்கப்பட்ட ஸ்கில் இந்தியாவின் இலக்குகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்பதை அரசே அமைத்த சாரதா பிரசாத் குழு அடுத்த ஆண்டிலேயே விமர்சித்தது.

தாராவிக்கு இன்று வந்திருக்கும் ஆபத்தையும் இந்த வெளிச்சத்தில் காண வேண்டும். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் மறுசீரமைப்புத் திட்டம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்பவருக்கு இங்கே இலவச வீடு. மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தாராவிக்கு வெளியே. மாடியறையில் தங்கிப் பட்டறையில் கற்கும் இளைஞன் எந்தப் பட்டியலில் வருவான்? தோல் வாங்குமிடம், வெட்டுமிடம், தைக்குமிடம், பக்கிள் விற்குமிடம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால்தான் ஒரு தொழிலாளியிடமிருந்து இன்னொருவருக்குத் திறன் பாய்கிறது. இந்தப் பின்னலைக் கலைத்து, பிறகு ஒரு திறன் மேம்பாட்டு மையத்தைத் திறந்து நாடா வெட்டுவது, ஆற்றைத் தூர்த்துவிட்டுக் குழாய் போடுவதற்கு ஒப்பாகும்.

மும்பைக்கு இது முதல் அனுபவமும் அல்ல. மில் முதலாளிகள் பொறியாளர்களை உருவாக்க 1887இல் நிறுவப்பட்டு, 1923 முதல் மாட்டுங்காவில் இயங்கும் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கை கொடுத்தார்கள். தறியில் நின்ற தொழிலாளியோ ஜாபரின் தயவில், பத்லி என்ற பெயரில் தினமும் வாசலில் காத்திருந்து, தன் செலவிலேயே தொழில் கற்றார். 1982இல் சுமார் 2.5 லட்சம் மில் தொழிலாளர்கள் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் மூடப்பட்டபோது, தலைமுறைகளாகச் சேர்ந்த நெசவுத் திறன் தெருவுக்கு வந்தது. நிலத்தின் விலை தொழிலாளியின் திறனைவிட உயர்ந்ததாக முதலாளிகளுக்குத் தெரிந்தது. தாராவியிலும் இன்று அதே நிலக் கணக்கே போடப்படுகிறது.

பயிற்சியும் வேலையும் சேர்ந்த இடங்கள்

பயிற்சியையும் வேலையையும் சேர்க்கவே முடியாதா? முடியும். செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் 1957இல் ஹோமி பாபா தொடங்கிய அணுசக்தித் துறைப் பயிற்சிப் பள்ளியில், உதவித்தொகையோடு ஓராண்டு பயின்று தேர்ச்சி பெறுவோர் அறிவியல் அலுவலர்களாகப் பணியமர்த்தப்படுகிறார்கள். நாட்டின் அணு ஆராய்ச்சிக்குத் தேவையான பல தலைமுறை விஞ்ஞானிகளை அந்த ஏற்பாடு தந்தது. விஞ்ஞானிக்குப் பொருந்தும் நியாயம் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் ஏன் பொருந்தாது?

ஜெர்மனியின் 75 சதவீதத்தை மேற்கோள் காட்டும் அரசு, அதன் பின்னால் உள்ளதை மறைக்கிறது. அங்கே 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்கீழ் பயிற்சியின் பாடத்திட்டத்தையும் தரத்தையும் தீர்மானிக்கும் அமைப்புகளில் தொழிற்சங்கங்களுக்கு இடம் உண்டு. பழகுநரின் ஊதியம் பெரும்பாலும் கூட்டு பேர ஒப்பந்தத்தில் நிர்ணயமாகிறது. அதுவும் முதலாளித்துவ நாடே. அங்கே தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமையை விட்டுவிட்டு, எண்ணிக்கையை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறார்கள் இங்குள்ள ஆட்சியாளர்கள்.

வெற்றிக்கு உதாரணம் தேடி ஜெர்மனி வரை போக வேண்டியதும் இல்லை. மும்பை மாநகராட்சியின் குப்பை அள்ளும் தொழிலாளர்களைத் தொழிலாளர்கள் அல்லர், தன்னார்வலர்கள் என்று பெயர் சூட்டி, கூலிக்குப் பதில் மதிப்பூதியம் என்று சொல்லி ஏமாற்றி வந்தார்கள். கச்ரா வாஹதுக் ஷ்ரமிக் சங் என்ற தொழிற்சங்கம் அவர்களைத் திரட்டியது, தீர்ப்பாயத்தில் வழக்காடியது. 2017இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2,700 தொழிலாளர்களின் நிரந்தரத்தை வென்றது. தன்னார்வலர் என்ற பெயரைக் கிழித்தெறிந்தவர்கள் அந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள். பயிற்சியாளர் என்ற பெயருக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் தொழிலாளியையும் அவ்வாறே வெளியே கொண்டுவர முடியும்.

தொழிற்சங்கங்களின் கடமை

ஆகவே தொழிற்சங்க இயக்கம் பயிற்சியை எதிர்க்கவில்லை. பயிற்சியின் மீது தொழிலாளர்களின் உரிமையைக் கோருகிறது. ஓராண்டுப் பயிற்சியை முடித்தவருக்கு அதே நிறுவனத்தின் காலியிடத்தில் முன்னுரிமை சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். ரயில்வேயிலிருந்து அது தொடங்க வேண்டும். பழகுநர் உற்பத்தி வேலையில் ஈடுபடுத்தப்படும் நாளிலிருந்து அந்த வேலைக்கான குறைந்தபட்ச ஊதியம் தரப்பட வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி முழுமையாக முடியாமல் எந்த ஒப்பந்தத் தொழிலாளியையும் ஆபத்தான பிரிவுக்குள் அனுப்பக்கூடாது. அந்தப் பயிற்சி நேரம் ஊதியத்தோடு கூடிய வேலை நேரமாகக் கொள்ளப்பட வேண்டும். ஒவ்வொரு திறன் சான்றிதழுக்கும் ஒரு கூலி உயர்வு இணைக்கப்பட வேண்டும். பயிற்சிக்குச் செலவிடப்படும் பொதுப்பணம் பெற்ற நிறுவனங்கள், எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கொடுத்தன என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தாராவியின் மறுசீரமைப்பில் வீட்டுக்கு மட்டுமின்றிப் பட்டறைக்கும், பட்டறையில் கற்பவருக்கும் இடம் உறுதி செய்யப்பட வேண்டும்.

சட்டம் இப்போதும் விட்டு வைத்திருக்கும் பாதுகாப்புகளையும் கைவிடக்கூடாது. பழகுநருக்கும் ஆலையின் சுகாதார, பாதுகாப்பு விதிகள் பொருந்தும். பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதலின்றி மிகைநேர வேலை வாங்க முடியாது. பீஸ் ரேட்டில் பணம் கொடுத்து வேலை வாங்குவதும் குற்றமே. இவற்றை ஒவ்வொரு பணிமனையிலும் ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் கொண்டுசெல்லும் வேலை சங்கத்தின் கிளைகளுக்கு உரியது.

அதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. நிரந்தரத் தொழிலாளி பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளரைத் தன் வேலைக்கு வந்த போட்டியாகப் பார்க்கிறார். பயிற்சியாளர் நிரந்தரத் தொழிலாளியைத் தனக்கு வழிவிடாதவராகப் பார்க்கிறார். நிர்வாகம் வேண்டுவது இதையே. உண்மையில், அவருக்குக் கையைப் பிடித்துத் தொழில் கற்றுக் கொடுப்பவர் இந்த நிரந்தரத் தொழிலாளிதான். ஆலையில் நடக்கும் உண்மையான பயிற்சி தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நடக்கிறது. தொழிலைக் கற்றுக் கொடுக்கும் அதே கை சங்கத்தின் உறுப்பினர் படிவத்தையும் நீட்டட்டும். பயிற்சியாளருக்குக் கதவைத் திறக்காத சங்கம் பத்து ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்களின் சங்கமாகிவிடும். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சங்கம், திறனும் துணிவும் ஒருங்கே பெற்ற ஒரு புதிய தலைமுறைத் தொழிலாளர்களைப் பெறும்.